தென்கரையில் ஒரு தத்துவ வகுப்பு

"சாமியாராக எத்தனை வருஷம் படிக்கணும்?" என்று திருச்சிப் பக்கத்துக் கத்தோலிக்கக் கிராமம் எதில் கேட்டாலும் "பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகும்" என்றுதான் பதில் வரும். கணக்கு ஏறக்குறையச் சரி. பிளஸ் டூ முடித்த பையன் ஓரிரு ஆண்டு இளங்குருமடத்தில் இருப்பான். பிறகு மெய்யியல். இடையில் ஓர் ஆண்டு பங்கிலோ பள்ளியிலோ களப்பணி. அப்புறம் நான்காண்டு இறையியல், கடைசியில் திருத்தொண்டர் பட்டம், அதன்பின் குருப்பட்டம். மறைமாவட்டத்துக்கு மறைமாவட்டம், சபைக்குச் சபை இதில் சிறு மாற்றம் உண்டு. ஆனால் "அந்த வருஷங்களில் என்ன படிக்கிறான், கடைசியில் என்ன பட்டம்?" என்று அடுத்த கேள்வி கேட்டால் பெற்றவர்களே தடுமாறுவார்கள். அக்கம்பக்கத்துப் பையன்கள் பி.காம்., பி.எஸ்சி. என்று சொல்லிக்கொள்ளும் வயதில் இவன் "ஃபிலாசபி" என்கிறான். அது பல்கலைக்கழகப் பட்டமா, திருச்சபைப் படிப்பா, இரண்டுமா என்பது வீட்டில் யாருக்கும் விளங்குவதில்லை.

திருச்சபைச் சட்டம் இதில் தெளிவாகத்தான் இருக்கிறது. குருக்களை உருவாக்கத் தனி மடம் வேண்டும் என்று திரெந்துப் பொதுச்சங்கம் 1563 ஜூலையில் ஆணையிட்டது. அதற்கு முன் பாதிரியாரிடம் எடுபிடியாக இருந்தே குருவானவர்கள் ஐரோப்பாவில் ஏராளம். 1879-இல் திருத்தந்தை 13-ஆம் லியோ, குருமாணவர் படிக்கும் மெய்யியலுக்குத் தாமஸ் அக்குவினாசை அடித்தளமாக வைத்தார். 1917-இன் சட்டத்தொகுப்பு இரண்டாண்டு மெய்யியல், நான்காண்டு இறையியல் என்று வரையறுத்தது. இன்று நடப்பில் உள்ள 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பின் 250-ஆம் எண்ணும் அதையே சொல்கிறது. மெய்யியலில் இளங்கலைப் பட்டமே பெற வேண்டுமென்றால் மூன்றாண்டு என்று வத்திக்கான் 2011 ஜனவரியில் உயர்த்தியது.

அதே 1983 சட்டத்தில் அதிகம் பேசப்படாத இரண்டு எண்கள் உண்டு. 234-ஆம் எண், குருத்துவத்தை நாடும் இளைஞருக்கு அந்தந்த நாட்டில் மற்ற இளைஞர் உயர்கல்விக்குத் தகுதி பெறும் அளவுக்குக் கலை, அறிவியல் கல்வி தரப்பட வேண்டும் என்கிறது. 249-ஆம் எண், மாணவர் தம் தாய்மொழியைக் கவனமாகக் கற்க வேண்டும் என்றும், அதோடு லத்தீனும் நன்கு தெரிந்திருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28-இல் குருத்துவப் பயிற்சி பற்றி வெளியிட்ட ஏட்டின் சாரம் இவை. சட்டம் கேட்பதற்கும் நாம் செய்துவந்ததற்கும் உள்ள இடைவெளியைப் பார்க்கத் திருச்சியைவிடப் பொருத்தமான ஊர் தமிழ்நாட்டில் இல்லை.

அந்த இடைவெளி எங்கே தொடங்கியது என்று கேட்டால் நான் 1844-ஐச் சொல்வேன். அந்த ஆண்டின் தொடக்கத்தில் புதுச்சேரியில் ஆயர் கிளெமான் பொன்னான் ஒரு சங்கம் கூட்டினார். பாரிஸ் வெளிநாட்டு மறைபரப்புச் சபையினர் கூடி, உள்ளூர்க் குருக்களை உருவாக்குவதே தங்கள் முதல் வேலை என்று முடிவெடுத்தார்கள். அந்தத் தீர்மானங்களை லுக்கே என்ற இளம் குரு ரோமுக்குக் கொண்டுபோனார். அடுத்த ஆண்டே, 1845 நவம்பரில், உள்நாட்டுக் குருக்குலத்தை வலியுறுத்தி ரோம் ஆணை பிறப்பித்தது. சங்கம் நடந்த அதே ஆண்டில் தொடங்கப்பட்ட 'பெத்தி செமினேர்' இன்றும் புதுச்சேரியில் இருக்கிறது. 'சிறிய குருமடம்' என்ற பிரெஞ்சுப் பெயரைத் தாங்கிக்கொண்டு அது இப்போது எல்லாச் சமயப் பிள்ளைகளும் படிக்கும் பள்ளி.

அதே 1844-இல்தான் இயேசு சபையினர் நாகப்பட்டினத்தில் தூய வளனார் கல்லூரியைத் தொடங்கினார்கள். 1869-இல் அது சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது, 1883-இல் திருச்சிக்கு வந்தது. தெப்பக்குளத்தை ஒட்டி, மலைக்கோட்டையின் நிழல் விழும் தூரத்தில், லூர்து அன்னை ஆலயக் கோபுரத்தோடு நிற்கும் அந்த வளாகத்தைத் தெரியாத திருச்சிக்காரர் கிடையாது. ஆக ஒரே ஆண்டில் தமிழ் மண்ணில் இரண்டு கத்தோலிக்கக் கல்வி முறைகள் பிறந்தன. ஒன்று குருக்களுக்கானது, மற்றது பட்டதாரிகளுக்கானது. ஒன்றின் தேர்வுத்தாளை ரோம் திருத்தியது, மற்றதன் தேர்வுத்தாளைச் சென்னை திருத்தியது. பின்னால் இவை நெருங்கி வந்த தருணங்கள் உண்டு. ஒன்றாகவே இல்லை.

பட்டதாரிக் கல்வியின் கதை எல்லாருக்கும் தெரிந்தது. ராமேசுவரத்திலிருந்து வந்த அப்துல் கலாம் 1950-களின் முற்பாதியில் இங்கே இயற்பியல் படித்தார். ஸ்ரீரங்கத்திலிருந்து ஆற்றைக் கடந்து வந்த ரங்கராஜன், பின்னாளின் எழுத்தாளர் சுஜாதா, அதே காலத்தில் அதே இயற்பியலைப் படித்தார். ஸ்ரீரங்கத்து ஐயங்கார் வீட்டுப் பையன்கள் நெற்றியில் திருமண்ணோடு இயேசு சபைச் சாமியார்களிடம் பாடம் கேட்டது அந்தக் காலத்துத் திருச்சியில் யாருக்கும் வியப்பில்லை. சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து ஒண்ணாம் நம்பர் பஸ் பிடித்தால் ஸ்ரீரங்கம் எவ்வளவு தூரம்? ஆனால் எதிர்த்திசையில், குருமாணவர் ஒருவர் அந்தப் பஸ்ஸில் ஏறி ஸ்ரீரங்கத்துக்குத் தத்துவப் பாடம் கேட்கப் போனதாக நாம் கேள்விப்படுவது அரிது.

குருமாணவர்கள் வேறு திசைகளில் போனார்கள். 1893-இல் 13-ஆம் லியோ கண்டியில் அமைத்த பாப்பிறைக் குருமடத்துக்குத் தமிழ்ப் பையன்கள் கடல் தாண்டிப் போனார்கள். அந்தக் குருமடம் 1955-இல் புனேக்கு மாறியது. இயேசு சபை மாணவர்களுக்குக் கொடைக்கானல் செண்பகனூரில் 1895-இல் தொடங்கிய திரு இருதயக் கல்லூரி இருந்தது. புதுச்சேரிப் பெருங்குருமடம் 1934-இல் பெங்களூருக்குப் போயிற்று. மலையும் குளிரும் தனிமையும் படிப்புக்கு உகந்தவை என்பது அக்கால நினைப்பு. உடல்நலக் காரணமும் இருந்தது. ஐரோப்பியப் பேராசிரியர்கள் திருச்சி வெயிலில் பலர் தாங்கவில்லை. எப்படியோ, தமிழ்ப் பையன் தன் இளங்கலை வயதில் தமிழ்ச் சமவெளியிலிருந்து தூக்கப்பட்டு, லத்தீன் பாடநூலோடு மலையில் வைக்கப்பட்டான். தர்க்கம், மெய்ப்பொருளியல், அறிவளவையியல், அறவியல், கடவுளைப் பற்றிய மெய்யியல் என்ற பாட வரிசை ரோமில் எப்படியோ அப்படியே இங்கும். நூற்பாவாகக் கொள்கை, பிறகு மறுப்பு, பிறகு விடை. இந்த முறை மூளையைக் கூர்மையாக்கும் என்பதை மறுக்க மாட்டேன். பழைய சாமியார்கள் சிலரோடு வாதம் செய்தவர்களுக்கு அது தெரியும்.

இந்தப் பிரிவினை தவிர்க்க முடியாததா? இல்லை என்பதற்கு அதற்கு முந்தைய இருநூறு ஆண்டுகளே சாட்சி. 1606-இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி, 1610-இல் எழுதிய கடிதத்தில், மதுரையில் 10,000-க்கு மேற்பட்ட மாணவர்கள் கூட்டம் கூட்டமாக ஆசிரியர்களிடம் வேதாந்தமும் தர்க்கமும் கற்பதைப் பதிவு செய்தார். தமிழும் சமஸ்கிருதமும் கற்று, அந்த உலகத்தின் சொற்களிலேயே வாதம் செய்தார். 1623-இல் மதுரையிலிருந்து வடக்கே புறப்பட்டுத் திருச்சி வழியாகச் சேலம் வரை போனார். ஒரு நூற்றாண்டு கழித்து வந்த வீரமாமுனிவர் திருச்சிக்குக் கிழக்கே ஏலாக்குறிச்சியில் தங்கி, குருக்கள் இல்லாத ஊர்களைக் கட்டிக்காத்த உபதேசியார்களுக்காக 'வேதியர் ஒழுக்கம்' எழுதினார். ஐரோப்பாவிலிருந்து வரும் குருக்கள் தமிழ் கற்க லத்தீனில் கொடுந்தமிழ் இலக்கணமும் செந்தமிழ் இலக்கணமும் எழுதினார். 18-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியக் குரு தமிழ் கற்றார், 19-இல் தமிழ்க் குரு லத்தீன் கற்றார். இடையில் 1773-இல் இயேசு சபை கலைக்கப்பட்டதும், 1830-களின் இறுதியில் அவர்கள் மதுரைப் பணித்தளத்துக்குத் திரும்பி வந்ததும் நடந்தன. திரும்பி வந்தவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக்காரர்கள். நொபிலியின் துணிச்சலை அவர்களிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லைதான்.

லத்தீன் வழியில் படித்து வந்த ஒரு தமிழ்க் குருவுக்கு என்ன நேர்ந்தது என்பதற்கு ஒரு பெரிய உதாரணம் நம்மிடம் இருக்கிறது. சேவியர் தனிநாயகம் அடிகள் 1913-இல் யாழ்ப்பாணத் தீவகத்தில் கரம்பொன்னில் பிறந்தவர். கொழும்புக் குருமடத்தில் மெய்யியல் படித்தார், 1934 முதல் 1939 வரை ரோம் உர்பானியா பல்கலைக்கழகத்தில் இறையியல் படித்தார். அவருடைய முனைவர் ஆய்வு மூன்றாம் நூற்றாண்டுக் கார்த்தேஜ் நகரத் திருச்சபைக் குருக்களைப் பற்றியது. இத்தாலியமும் பிரெஞ்சும் லத்தீனும் கைவந்த அந்த இளங்குரு, திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் பள்ளிக்கு ஆசிரியராக வந்தபோதுதான் தமக்குத் தமிழ் போதாது என்று கண்டார். அங்கேயே ஒரு பண்டிதரிடம் அடிப்படையிலிருந்து படித்தார். 1945-இல், முப்பத்திரண்டு வயதில், மாணவராக அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அந்தப் படிப்பிலிருந்துதான் சங்க இலக்கியத்தில் இயற்கை பற்றிய ஆய்வும், 1952-இல் 'தமிழ்க் கல்ச்சர்' இதழும், 1964-இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றமும், 1966-இல் கோலாலம்பூர் மாநாடும் வந்தன. இதைத் தமிழின் வெற்றியாக மேடைகளில் சொல்கிறோம், சரிதான். குருமடப் பாடத்திட்டம் பற்றிய மதிப்பீடாகவும் இதைப் படிக்க வேண்டும். பதினெட்டு வயதில் வகுப்பில் கிடைத்திருக்க வேண்டியதை அவர் முப்பதைத் தாண்டித் தாமாகத் தேடிப் போனார். தனிநாயகம் என்பதால் தேடினார். மற்றவர்கள்?

மறுபக்க உதாரணமும் திருச்சியிலேயே உண்டு. தூய வளனார் கல்லூரியில் 1967-இல் ராபினாட் உலர்தாவரக் காப்பகத்தை நிறுவிய இயேசு சபைக் குரு கே.எம். மேத்யு, தமிழகச் சமவெளியின் தாவரங்களைத் தொகுதி தொகுதியாகப் பதிவு செய்தார். அறிவியலை முறையாகப் படித்த குரு ஒருவரால் ஊருக்கு என்ன கிடைக்கும் என்பதைப் பார்க்க விரும்புகிறவர் அந்தக் காப்பகத்தைப் போய்ப் பார்க்கலாம்.

ஸ்ரீரங்கத்துக்கு வருவோம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் அங்கே நம்பிள்ளை திருவாய்மொழிக்கு விரிவுரை சொன்னார். அவருடைய மாணவர் வடக்குத் திருவீதிப் பிள்ளை பகலில் கேட்டதை இரவில் ஓலையில் எழுதினார். அனுமதி கேட்காமல் எழுதியதால் ஆசிரியர் ஏட்டை வாங்கி வைத்துக்கொண்டார் என்று வைணவ மரபு சொல்கிறது. அந்த வகுப்புக் குறிப்புதான் ஈடு முப்பத்தாறாயிரப்படி. எழுதியவரின் மகன் பிள்ளை லோகாசாரியர், இறையருள் பற்றிய தென்கலைக் கொள்கைக்கு வடிவம் தந்தவர். அருள் கிடைக்க மனிதன் ஏதாவது செய்ய வேண்டுமா? தாய்க்குரங்கைக் குட்டி பற்றிக்கொள்வது போல மனிதனும் பற்ற வேண்டும் என்பது வேதாந்த தேசிகர் வழிவந்த வடகலை. பூனை தன் குட்டியைத் தானே கவ்விக்கொண்டு போவது போல இறைவனே எடுத்துக்கொள்கிறான், பற்றும் முயற்சிகூடத் தேவையில்லை என்பது தென்கலை.

இதே கேள்வி கத்தோலிக்க உலகத்தையும் ஆட்டியது. 1588-இல் மொலினா என்ற இயேசு சபை அறிஞர் மனிதச் சுதந்திரத்துக்கு அருளோடு இடம் தந்து ஒரு நூல் எழுதினார். தொமினிக்கன் சபைப் பாஞேஸ் அதைக் கடுமையாக எதிர்த்தார். ரோமில் விசாரணை 1607 வரை இழுத்தது. கடைசியில் திருத்தந்தை 5-ஆம் பவுல், இரு தரப்பும் ஒன்றையொன்று பேதகம் என்று சொல்லக்கூடாது என்று மட்டும் கட்டளையிட்டு விட்டுவிட்டார். நொபிலி மதுரையில் கால்வைத்த மறு ஆண்டு அது.

திருச்சிக் குருமாணவர் மொலினாவையும் பாஞேசையும் படிப்பார். நியாயம். ஆனால் நாலைந்து கிலோமீட்டருக்கு அப்பால், தன் தாய்மொழியில், மணிப்பிரவாள நடையில், அதே சிக்கலை அணு அணுவாகப் பிரித்துப் பேசிய ஒரு கல்வி மரபு இருந்தது என்பது அவர் பாடத்தில் ஓர் அத்தியாயமாகக்கூட வருவதில்லை. 'இந்திய மெய்யியல்' தாளில் ராமானுஜருக்கு விசிஷ்டாத்வைதம் என்று சில பக்கம், அதுவும் ஆங்கிலக் கைந்நூலிலிருந்து. இது வெறும் ஏட்டுக் கவலையில்லை. வேளாங்கண்ணிக்கு நடந்து போன அம்மாள், "என் நேர்ச்சையால கிடைச்சதா சாமி, மாதா தானா குடுத்ததா?" என்று கேட்கும்போது பங்குத்தந்தைக்கு மொலினாவைவிட லோகாசாரியர் கைகொடுக்கக்கூடும். திருவாய்மொழியைப் பற்றியும் தேசிகரைப் பற்றியும் கத்தோலிக்கக் குரு ஒருவர் ஆழ்ந்து எழுதியிருக்கிறார். அவர் பிரான்சிஸ் கிளூனி, அமெரிக்க இயேசு சபையினர், ஹார்வர்டு பேராசிரியர். திருச்சி மறைமாவட்டத்துக்கு 1939-இல் வந்த ழூல் மோன்ஷனென், ஆயர் ஜேம்ஸ் மெண்டோன்சாவின் ஆதரவில் கிராமப் பங்குகளில் உழைத்து, 1950-இல் ஹென்றி லெ சோவுடன் குளித்தலைக் காவிரிக்கரையில் சச்சிதானந்த ஆசிரமத்தைத் தொடங்கினார். அவர் பிரெஞ்சுக்காரர். ஆற்றைக் கடந்தவர்கள் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்தவர்களாகவே இருப்பது நமக்குப் பெருமை தருவதில்லை.

இனி பட்டத்தின் கதை. பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டம், 1956-இன் 22-ஆம் பிரிவின்படி இந்தியாவில் பட்டம் வழங்கும் உரிமை பல்கலைக்கழகங்களுக்கும் அதற்கென அதிகாரம் பெற்ற நிறுவனங்களுக்கும்தான். ரோமோடு இணைந்த குருமடம் தரும் மெய்யியல் இளங்கலை திருச்சபைக்குள் முழு மதிப்புடையது, வெளியே செல்லாது. இதே நாட்டில் சீர்திருத்தச் சபையாருக்கு இந்தச் சிக்கல் இல்லை. டென்மார்க் மன்னர் 1827-இல் தந்த சாசனமும் 1918-இன் செராம்பூர் கல்லூரிச் சட்டமும் அவர்களுக்குப் பட்டம் வழங்கும் உரிமையைத் தந்துவிட்டன. மதுரை அரசரடியில் 1969-இல் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரி அந்தப் பட்டத்துக்குத் தமிழிலேயே பாடம் நடத்திக் காட்டியது. ஜெர்மனியில் கத்தோலிக்கக் குருமாணவர் டூபிங்கன் போன்ற அரசுப் பல்கலைக்கழகத்தின் இறையியல் புலத்திலேயே படிக்கிறார். அமெரிக்காவில் கல்லூரிக் குருமடத்து மாணவர் நாலாண்டு பி.ஏ. பட்டத்தோடு வெளியே வருகிறார்.

நம் பக்கத்தில் கண்ட தீர்வுகள் பலவகை. சில மறைமாவட்டங்கள் பட்டதாரியான பிறகே பெருங்குருமடத்துக்கு அனுப்புகின்றன. மதுரைக்கு மேற்கே கருமாத்தூரில் 1970-இல் தொடங்கிய அருள் ஆனந்தர் கல்லூரி பி.ஏ. மெய்யியல் துறை வைத்து, திருச்சபைப் பாடத்தையும் அரசுப் பட்டத்தையும் ஒரே கூரைக்கடியில் சேர்க்க வழி செய்தது. என் கணிப்பில் இதுவே இருக்கும் வழிகளில் சிறந்தது. மற்றவர்கள் குருமடத்தில் மெய்யியல் படித்துக்கொண்டே தொலைதூரக் கல்வியில் ஆங்கில இலக்கியமோ வரலாறோ எழுதுகிறார்கள். தபாலில் வரும் பாடப்புத்தகம், ஆண்டுத் தேர்வுக்கு முன் இரண்டு வாரப் பரபரப்பு, வகுப்புத் தோழர் யாருமில்லை. பட்டம் வருகிறது, படிப்பு வருவதில்லை.

படிப்பு வராததைக்கூடக் குருவானவர் பின்னால் ஈடுகட்டலாம், ஆயர் மேற்படிப்புக்கு அனுப்புவார். சேர்பவர்களில் பலர் குருவாவதில்லை என்பதுதான் உண்மையான சிக்கல். அழைத்தல் இல்லையென்று தெளிந்து விலகுவது குறையில்லை, அந்தத் தெளிவுக்காகத்தானே இத்தனை ஆண்டுகள். ஆனால் இருபத்திரண்டு வயதில் பெட்டியோடு ஊர் திரும்பும் பையனை ஊர் பார்க்கும் பார்வை போதாதென்று, கையில் செல்லும்படியான பட்டமும் இல்லையென்றால் அவன் மறுபடி முதலாண்டில் உட்கார வேண்டும். பி.ஏ. மெய்யியல் இருந்தாலும், அது பள்ளிப் பாடமில்லை என்பதால் முதுகலை முடித்தால்தான் பி.எட். சேர வழி. தன் மறைமாவட்டம் நடத்தும் பள்ளியிலேயே ஆசிரியராக முடியாத நிலையில் அவன் நிற்கிறான். இது அநியாயம் என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

ஊர்க் கல்லூரி வகுப்பில் உட்காருவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. திருச்சி மேலப்புதூர்க் கத்தோலிக்கக் கல்லறையில் இறந்தவர்களைச் சாதிவாரியாகப் பிரித்து நின்ற சுவர் பல பத்தாண்டுப் போராட்டங்களின் பொருள். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் கொள்கை, நாட்டின் 1 கோடியே 90 லட்சம் கத்தோலிக்கரில் 1 கோடியே 20 லட்சம் பேர் தலித்துகள் என்றும், தலைமைப் பொறுப்புகளில் அவர்கள் மிகச் சிலரே என்றும் ஒப்புக்கொண்டது. 'மனிதனைப் பற்றிய மெய்யியல்' என்ற தாளில் ஆள்தன்மை, மாண்பு என்றெல்லாம் குருமாணவர் எழுதுகிறார். அந்தச் சுவர் எப்படி வந்தது என்பதை அறிய அவருக்குச் சமூகவியலும் தமிழக வரலாறும் வேண்டும். பல சாதி, பல சமயத் தோழர்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து மூன்றாண்டு கழித்திருந்தால் இன்னும் நல்லது. வீட்டுச் சாதியிலிருந்து நேரே குருமடச் சாதிக்குள் போவதைவிட அது மேல்.

எனவே என் தரப்பு இது. குருமாணவர் முதலில் ஊர்க் கல்லூரியில், வழக்கமான வகுப்பில், முழுநேர மாணவராக இளங்கலை முடிக்கட்டும். தமிழோ வரலாறோ தாவரவியலோ, எதுவானாலும் சரி. திருச்சபை கேட்கும் மெய்யியல் அதன்பின் வரட்டும், அதில் ஸ்ரீரங்கத்துக்கும் சைவ சித்தாந்தத்துக்கும் அக்குவினாசுக்குச் சமமாக மணிநேரம் ஒதுக்கப்படட்டும். ஆண்டுகள் கூடும் என்பார்கள். பன்னிரண்டைப் பொறுத்த சமூகம் பதினான்கையும் பொறுக்கும். திருச்சபைச் சட்டத்தின் 234, 249 எண்களுக்கு மேல் புதிதாக எதையும் இதில் நான் கேட்கவில்லை.

ஆயர்கள் முடிவெடுக்கும்வரை பெற்றோர் காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் பங்கிலிருந்து ஒரு பையன் வரும் ஜூனில் குருமடம் போகிறான் என்றால், வழியனுப்பு விழாவுக்கு முன்பே பங்குத்தந்தையிடம் கேட்டுவிடுங்கள்: நாலு வருஷம் கழித்து இவன் கையில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டம் இருக்கும்?